கையில் ஒலிக்கும் ஆறு

மாத்தளை நகரிலிருந்து வடக்கே தம்புள்ளைக்குச் செல்லும் பெருந்தெரு நம்மவர் வரலாற்றிலே மறக்கவொண்ணாத ஒன்றாகும். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், காட்டு வழியே நாட்கணக்காக நடந்து, இத்தெருவினூடாகத்தான் மாத்தளையை வந்தடைந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் தாகத்துக்கும் வழியிலேயே பலியானவர்கள் ஆயிரக்கணக்கானோர். மாசி மகத்தன்று முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் நகர வீதிகளில் அசைந்து வரும்போது, அந்த நெடும் பயணத்தை நினைந்து கண்கலங்கும் முதியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அதே தெருவிலே இன்றும் ஒரு யாத்திரை நடைபெறுகிறது. விடியற்காலைப் பேருந்துகளில், கையிலே ஒரு துணிப்பையும், பையினுள்ளே ஒரு போர்வையும், நோய்க்குறிப்புப் புத்தகமுமாக வருகின்றார்கள் சிலர். அவர்களுடைய கையை உற்று நோக்கினால், தோலின் கீழே கயிறு போன்று ஒரு குருதிக்குழாய் புடைத்திருப்பதைக் காணலாம். அவர்கள் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ளப் போகிறவர்கள். சிறுநீரகங்கள் செய்ய வேண்டிய வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்து, வாரத்துக்கு இருமுறையோ மும்முறையோ உயிரைப் புதுப்பித்துக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். என் தமக்கையின் கணவர், நான் அத்தான் என்றழைக்கும் பெரியவர், அவர்களுள் ஒருவர்.

அத்தான் நாவுலைக்கு வடக்கே ஒரு சிறு நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு வாழ்ந்தவர். நீரிழிவு இல்லை, குருதியமுக்கம் இல்லை, குடிப்பழக்கமும் இல்லை. ஒரு நாள் மாலை, கிணற்றடியிலிருந்து வீட்டு வாசல்வரை நடந்து வந்தவர் மூச்சு வாங்கித் திண்ணையில் அமர்ந்துவிட்டார். இரத்தத்தைச் சோதித்தபோது, தசைகளிலிருந்து கழிவாக வெளிப்படும் கிரியேற்றினைன் என்னும் பொருள், இருக்க வேண்டிய அளவைப் போலப் பன்மடங்காகப் பெருகியிருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன என்றார் வைத்தியர். “எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லையே, தம்பி!” என்று அத்தான் என்னிடம் சொன்ன சொல் இன்றும் என் காதில் நிற்கிறது.

நோவு இருக்கவில்லை என்பதுதான் இந்நோயின் கொடுமை. நம் உடலிலே சிறுநீரகத்தைப் போல வாய்பேசாத ஊழியன் வேறில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நிமிடந்தோறும் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் இவ்விரு உறுப்புகளையும் நாடி வருகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீர் வடிக்கப்பட்டு, அதில் ஒன்றரை லீற்றரளவே சிறுநீராகக் கழிய, ஏனையது உடலுக்கே மீள்கிறது. வடிகட்டிகளிற் பாதி அழிந்தாலும் எஞ்சிய பாதி முழு வேலையையும் சுமந்துகொள்ளும். ஒற்றைச் சிறுநீரகத்தைத் தானமளித்தவர் நலமாக வாழ்வது இதனாலேதான். ஆனால் அதே பொறுமை நோயாளிக்குப் பகையாகிவிடுகிறது. பெரும்பகுதி பாழான பின்பே களைப்பும், கால்வீக்கமும், குமட்டலும் தலைகாட்டுகின்றன.

மாத்தளை மாவட்டம் ஒன்றே ஆயினும் அதனுள் இரண்டு நாடுகள் உள்ளன என்று மாணவர்களுக்குப் பாடஞ்சொல்லும்போது நான் கூறுவதுண்டு. தெற்கே உக்குவளையும் இரத்தோட்டையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் குளிர்ச்சியும், ஊற்றும் ஓடையும் உடைய பசுமை நாடு. வடக்கேயும் கிழக்கேயும் கலேவெல, தம்புள்ளை, வில்கமுவ எனப் பரந்து கிடப்பது உலர் நாடு. அங்கே மக்கள் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறார்கள். அந்நீர் பெரும்பாலும் கடின நீர். கொதிக்க வைத்த கேத்தலின் அடியில் சுண்ணாம்புபோல் வெள்ளை படியும். சிறுநீரக நோய் மிகுந்துள்ள இடங்களுள் ஒன்றாக ஆராய்ச்சியாளர் அடிக்கடி பேசும் வில்கமுவ இந்த உலர் நாட்டிலேதான், மகாவலி நதிக்கு அண்மையில் உள்ளது.

1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தின் வைத்தியர்கள் ஒரு புதுமையைக் கவனித்தார்கள். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத உழவர்கள், அதிலும் நடுவயது ஆண்கள், சிறுநீரகம் செயலிழந்து வரத் தொடங்கினர். நாளடைவில் பதுளை, மாத்தளை மாவட்டங்களிலும் இது காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைச் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவு 2013இல் வெளியாயிற்று. ஆராயப்பட்ட அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டப் பகுதிகளிலே, 15 முதல் 70 வயது வரையுள்ளோருள் நூற்றுக்கு 15 பேரளவில் இந்நோயின் அறிகுறி உடையோர் என்று அது கூறிற்று. இலங்கை மட்டுமன்று, மத்திய அமெரிக்காவின் எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களிலும், ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் வெயிலில் உழைக்கும் ஏழை மக்களை இதைப் போன்ற நோயே வருத்துகிறது.

காரணம் யாது? நோயின் முதலை ஆராயும்படி வள்ளுவர் மருத்துவனுக்கு அன்றே சொல்லி வைத்தார். ஆராய்ச்சி நடந்துகொண்டேயிருக்கிறது, அறிஞர் ஒருமுகமாக ஏற்ற ஒரே காரணம் இதுவரை அகப்படவில்லை. நிலத்தடி நீரிலுள்ள புளோரைட்டும் கடினத்தன்மையும், பூச்சிகொல்லியும் களைகொல்லியும், கட்மியம் போன்ற உலோகங்களும், கொளுத்தும் வெயிலில் போதிய நீரருந்தாது உழைத்தலும் எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. கிளைபோசேற்று என்னும் களைகொல்லியை இலங்கை அரசு 2015இல் தடைசெய்தது. பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. நோய் மிகுந்த கிராமங்களிலேயே ஊற்று நீர் பருகும் குடும்பங்களிடம் நோய் குறைவு என்பதைப் பலரும் கவனித்துள்ளனர். ஆகவேதான் இன்று அக்கிராமங்களில் ஆர்.ஓ. எனப்படும் நீர்சுத்திகரிப்பு நிலையங்கள் தோன்றியுள்ளன. துவிச்சக்கர வண்டியில் பிளாத்திக்குக் கலன்களைக் கட்டிக்கொண்டு குடிநீருக்குப் போகும் சிறுவர்களை அங்கே காணலாம். முன்னோர் தாகத்தால் மடிந்த தெருவிலே, பேரர் தாகந்தணிக்கும் நீரையே அஞ்ச வேண்டியதாயிற்று.

இதனோடு நீரிழிவையும் உயர் குருதியமுக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகெங்கும் சிறுநீரகத்தை அழிக்கும் காரணங்களில் முன்னிற்பவை இவ்விரண்டுமே. உலகில் ஏறத்தாழ 85 கோடி மக்கள் ஏதோவொரு வகைச் சிறுநீரக நோய் உடையவர்கள் என்று சர்வதேசச் சிறுநீரகவியல் சங்கம் மதிப்பிட்டுள்ளது. உலர்நாட்டு உழவனுக்கு மட்டுமே வரும் நோய் என்றெண்ணி நகரத்தவர் வாளாவிருக்க இடமில்லை.

செயலிழந்த சிறுநீரகத்துக்குப் பதிலாக ஓர் இயந்திரத்தை அமைத்த கதை வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரின் ஆதிக்கத்தில் இருந்த ஒல்லாந்திலே, காம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் 1943இல் முதற் செயற்கைச் சிறுநீரகத்தை அமைத்தார். இறைச்சியை அடைத்து விற்கும் செலோபேன் உறையையே அவர் வடிகட்டும் சவ்வாகக் கொண்டார். அவரிடம் வந்த முதல் நோயாளிகள் பெரும்பாலும் இறந்தனர். 1945இல் 67 வயதான ஒரு பெண் பிழைத்தெழுந்தார். இயந்திரம் வெற்றி பெற்றது. ஆயினும் மற்றொரு தடை நின்றது. ஒவ்வொரு முறையும் குருதிக்குழாயைத் திறந்தாக வேண்டும். திறந்த இடம் பாழாகிவிடும். சில முறைக்குப் பின் திறப்பதற்கு இடமே இராது. 1960இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பார் கையிலே நிலையாகப் பொருத்தும் டெஃப்லோன் குழாயொன்றை அமைத்தார். 1966இல் நியூயோர்க்கின் பிரேசியாவும் சிமினோவும் அவர்தம் தோழரும் இன்னும் எளிய வழியை உலகுக்கு அறிவித்தனர். மணிக்கட்டருகே நாடியையும் நாளத்தையும் ஒன்றோடொன்று தைத்து இணைத்துவிடுதலே அவ்வழி.

நாடி என்பது இதயத்திலிருந்து இரத்தத்தை விசையோடு கொண்டுவருவது. நாளம் என்பது அதை மெல்லத் திருப்பிக் கொண்டுசெல்வது. இரண்டையும் இணைத்ததும் நாடியின் விசை முழுதும் நாளத்துள்ளே பாய்கிறது. சில வாரங்களில் மெல்லிய நாளம் விரிந்து, சுவர் தடித்து, ஊசியைத் தாங்கும் வன்மை பெறுகிறது. இவ்விணைப்பைப் பிஸ்டியுலா என்கின்றனர். நோயாளிகளோ ‘கை’ என்றே சொல்கின்றனர். “உங்களுக்குக் கை போட்டாயிற்றா?” என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள்.

இரு ஊசிகள் இக்கையில் ஏற்றப்படுகின்றன. ஒன்று இரத்தத்தை வெளியே எடுக்கிறது. மற்றொன்று சுத்தமான இரத்தத்தை உள்ளே விடுகிறது. இயந்திரத்தின் பம்பி நிமிடத்துக்கு 250 முதல் 400 மில்லிலீற்றர் வரை இரத்தத்தை இழுக்கும். சவ்வின் மறுபுறத்திலே நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றரளவில் மருந்து நீர் ஓடும். 4 மணி நேரத்தில் 120 லீற்றர்! அந்நீரும் ஆர்.ஓ. முறையால் சுத்திகரிக்கப்பட்டதே. கிராமத்தில் குடிநீருக்கு உதவும் அதே கருவியின் இனத்தைச் சேர்ந்ததுதான் வைத்தியசாலையிலும் நிற்கிறது. இயந்திரம் 400 மில்லிலீற்றர் இழுக்க வேண்டுமாயின், கையில் அதைவிட மிகுதியாக இரத்தம் ஓட வேண்டும். ஓட்டம் குன்றினால், சுத்திகரித்த இரத்தமே மீண்டும் இயந்திரத்துள் சுழலும். நோயாளி 4 மணி நேரம் படுத்திருந்தும் பயனிராது. ஓட்டம் மேலும் குன்றினால் இரத்தம் உறைந்து, கை ஒரே இரவில் செத்துவிடும்.

அத்தானின் முதற் கை அவ்வாறுதான் செத்தது. ஒரு நாள் சிகிச்சை முடிந்து, அமுக்கம் குறைந்து களைத்து வந்தவர், வீட்டிலே வெங்காய மூட்டையொன்றை அந்தக் கையாலேயே அணைத்துத் தூக்கினார். அன்றிரவு அக்கையின் மேலேயே தலைவைத்து உறங்கினார். மறுநாள் கையிலே இருந்த அதிர்வு இல்லை. அந்த அதிர்வு எப்போதும் இருக்க வேண்டுமென்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நோவு குறைந்தது என்றே மகிழ்ந்தோம். மூன்றாம் நாள் சிகிச்சைக்குப் போனபோது, தாதி கையைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்காமல் சிறிது நேரம் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. பின்பு இரண்டு மாதம் கழுத்திலே குழாயைச் செருகிச் சிகிச்சை செய்தார்கள். அவ்வழியே கிருமி புகுந்து ஒருமுறை கடுங்காய்ச்சலும் வந்தது. முழங்கைக்கு மேலே புதிய கை போட்ட பின்பே ஆறுதல் பிறந்தது.

புதிய கையை அவருக்குப் பேணக் கற்பித்தவர் வைத்தியர் அல்லர். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வில்கமுவ உழவர் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். இரவு மூன்று மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து ஏறி வருகிறவர். தமிழ் அறியார், அத்தானோ நாவுலைச் சந்தையில் பழகிய சிங்களம் உடையவர். “அய்யே” என்று, சிங்களத்தில் அண்ணனே என்னும் பொருள்படும் சொல்லால், அத்தானை அழைத்துச் சொன்னார் அவர்: “காலையில் எழுந்ததும் முகங்கழுவுமுன் கையைத் தொட்டுப் பாருங்கள். பூனை உறுமுவதுபோல் இருக்க வேண்டும். பிறகு காதோடு வைத்துக் கேளுங்கள். எனக்கு முதற் கை போனது தெரியவில்லை. இரண்டாவது கை போனது தெரிந்தது. அன்று பேருந்து இல்லை. இது மூன்றாவது. உடம்பில் இருப்பவை இரண்டு கைகள்தாமே, அய்யே.”

அவர் சொன்னது வைத்திய நூல்கள் கூறும் முறையேயாகும். பார்த்தல், தொடுதல், கேட்டல் என்னும் மூன்றும் தினந்தோறும் செய்யத்தக்கன. நல்ல கையிலே விரல் வைத்தால் இடையறாத மெல்லதிர்வு தோன்றும். காது வைத்தால் தாழ்ந்த சுருதியில் தொடர்ந்தோடும் நீரோசை கேட்கும். உள்ளே எங்காவது வழி குறுகினால் ஓசை சீழ்க்கைபோல் உயரும். அதிர்வு மாறி, சுத்தியால் தட்டுவதுபோன்ற துடிப்பாகும். கையைத் தலைக்கு மேலே உயர்த்தினால் புடைத்த நாளம் தளர வேண்டும். தளராவிடின் மேலே அடைப்பு உண்டு. ஊசியை எடுத்த பின் இரத்தம் நெடுநேரம் கசிந்தாலும், இயந்திரத்தின் அமுக்க எச்சரிக்கை அடிக்கடி ஒலித்தாலும் அதுவே குறிப்பு. நம் சித்த வைத்தியர் மூன்று விரல்களால் வாத பித்த கபங்களை அறிந்த மரபிலே வந்தோர்க்கு, விரல் நுனியால் உயிரை அறிதல் புதியதன்று.

ஓட்டத்தை எண்ணாலும் அளக்கலாம். 1995இல் நிக்கொலாய் கிரிவிட்ஸ்கி என்னும் அறிஞர் அதற்கொரு முறையை வெளியிட்டார். சிகிச்சையின்போது இரு குழாய்களையும் சிறிது நேரம் இடம் மாற்றி, இரத்தத்தில் சிறிதளவு உப்புநீரைச் செலுத்துகின்றனர். வாய்க்காலிலே ஒரு குடம் மஞ்சள் நீரை ஊற்றிப் பாருங்கள். வாய்க்காலில் நீரோட்டம் மிகுதியாயின் மஞ்சள் உடனே வெளுக்கும், குறைவாயின் அடர்ந்தே செல்லும். அதுபோலவே, உப்புநீர் எவ்வளவு கரைந்தது என்பதைக் காதுக்கெட்டாத கழியொலியால் அறிந்து, கையின் ஓட்டத்தைக் கணிக்கின்றனர். பிஸ்டியுலாவில் ஓட்டம் நிமிடத்துக்கு 500 மில்லிலீற்றருக்குக் கீழிறங்கினாலும், முன்னிருந்த அளவினின்று காற்பங்குக்கு மேற்படக் குறைந்தாலும், உள்ளே ஆராய வேண்டும் என்பது வைத்தியர் நெடுங்காலமாகக் கொண்ட அளவுகோல். மாறாக, 1500, 2000 என மிகுமாயின் இதயம் சோரும்.

எனினும், அமெரிக்கச் சிறுநீரக நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்த வழிகாட்டி நூல் ஓர் உண்மையை ஒளியாது உரைத்தது. கருவியால் ஓட்டத்தை இடையிடையே அளப்பது கையின் ஆயுளை நீட்டிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பயிற்சி பெற்றவர் ஒழுங்காகக் கையைப் பார்த்துத் தொட்டுக் கேட்டறிதலே முதன்மையானது என்பது அதன் கருத்து. விலையுயர்ந்த கருவி இல்லாத வைத்தியசாலைகளை நம்பியிருக்கும் நம்மவர்க்கு இது எத்துணை ஆறுதலான செய்தி!

அதன் மெய்ம்மையை நான் கண்ணாரக் கண்டேன். ஒரு நாள் மாலை அத்தான் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கையின் ஓசை மாறியிருக்கிறது. நேற்றுவரை ஆறு, இன்றைக்குச் சீழ்க்கை” என்றார். சிகிச்சைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நாங்கள் காத்திருக்கவில்லை. மறுநாள் விடியுமுன் புறப்பட்டோம். வைத்தியர் கையை உயர்த்தச் சொன்னார், நாளம் தளரவில்லை. கழியொலிக் கருவியால் பார்த்தபோது நாளத்தில் ஓரிடம் குறுகி, ஓட்டம் 400 மில்லிலீற்றருக்கும் கீழே இறங்கியிருந்தது. பெரிய வைத்தியசாலையொன்றுக்கு அனுப்பினார்கள். ஊசித்துளையின் வழியே சிறு பலூனைச் செலுத்தி, குறுகிய இடத்தை விரித்துவிட்டார்கள். அன்று மாலை வீடு திரும்பும் வழியில், பேருந்தின் இரைச்சலினிடையே அத்தான் கையைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்மூடி அமர்ந்திருந்தார்.

சிறுநீரகம் பேசாது, ஆகவே அதற்காக நாம்தான் கேட்க வேண்டும். சிறுநீரில் புரதம் செல்கிறதா என்று பார்ப்பதும், இரத்தத்தில் கிரியேற்றினைனை அளப்பதும் எளிய சோதனைகள். நாற்பதைக் கடந்தோரும், நீரிழிவும் குருதியமுக்கமும் உடையோரும், உலர்நாட்டு வயல்களில் உழைப்போரும் ஆண்டுக்கொருமுறை இவற்றைச் செய்துகொள்ளல் வேண்டும். உடல் நோவுக்கெல்லாம் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். நோய் வந்துவிட்டதென்று அறிந்தவர்கள், வலக்கைப் பழக்கமுடையோராயின் இடக்கையின் நாளங்களை வீணாகக் குத்தவிடாது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நாளைய உயிர் அங்கேதான் இருக்கிறது. கை போட்டவர்கள் அக்கையில் அமுக்கம் அளக்கவிடலாகாது, இறுகிய வளையலும் கைக்கடிகாரமும் அணியலாகாது, சுமை தூக்கலாகாது, அதன்மேல் உறங்கலாகாது. அதிர்வு நின்றால் நாளை என்று தள்ளிப்போடாது உடனே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். இரத்தம் உறைந்த பின்பும் விரைவில் சென்றால் கையை மீட்க இடமுண்டு. தாமதிக்குந்தோறும் அவ்வாய்ப்புக் குறைகிறது.

சீன நாட்டின் உதவியோடு பொலன்னறுவையில் பெரியதொரு சிறுநீரக வைத்தியசாலை 2021இல் திறக்கப்பட்டது. நல்லதே. ஆயினும் கட்டடமும் இயந்திரமும் வில்கமுவவின் ஒரு மண்வீட்டிலே, விடியற்காலை மூன்று மணிக்குக் கையைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அதைச் செய்ய வேண்டியவர் நோயாளியும் அவர் வீட்டாருமே. ஆசிரியர்களாகிய நாம் உயிரியற் பாடத்திலே சிறுநீரகத்தின் படத்தை வரையச் செய்து புள்ளியிடுகிறோம். அத்தோடு, வீட்டிலே தந்தைக்கோ பாட்டனுக்கோ கை போட்டிருந்தால், அதைத் தொட்டுக் கேட்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போமாக. அதற்குப் புத்தகம் வேண்டா. ஐந்து நிமிடம் போதும்.

அத்தான் வீட்டில் அந்த வேலை இப்போது அவருடைய பேரனுக்கு உரியது. ஏழு வயதுப் பையன். பாடசாலைக்குப் புறப்படுமுன் ஓடிவந்து, தாத்தாவின் கையிலே காதை வைத்துக் கேட்கிறான். சென்ற வாரம் நான் போயிருந்தபோதும் அவ்வாறே செய்தான். சற்று நேரம் முகத்தைச் சுளித்துக் கேட்டுவிட்டு, “ஆறு ஓடுது, தாத்தா” என்று சொல்லிப் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அத்தான் சட்டைக் கையை இறக்கிவிட்டு, வெங்காயப் பாத்தியைப் பார்க்கப் போனார்.